ஏரிக்குள் போன பள்ளிக்கூடம்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும், மாப்பிள்ளையும், தங்கள் மருமகளாகிவிட்ட எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும். இந்தத் தடவை, நலத்தைக் கெடுத்தவனே நலம் விசாரிப்பது முறைதானா என்று பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். விசாரிக்காமல் விட்டால் இன்னும் மோசம் என்று பட்டதால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தாங்கள் ஒப்பந்தம் எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டும் நிலத்துக்கு அடியில் இருப்பது பாறை. கெட்டியான, ஒரு குறையும் சொல்ல முடியாத பாறை. பதினொரு நாளைக்கு முன்னால் எங்கள் நில அதிர்வு ஆய்வு நிலையத்திலிருந்து என் கையெழுத்தோடு, 'அடியில் இருப்பது சேறு, அஸ்திவார வேலையை உடனே நிறுத்தவும்' என்று வந்த அறிக்கை தவறு. இன்று மத்தியானம் அதைத் திரும்பப் பெற்றுவிட்டோம். முத்திரை வைத்த தாள் தனி உறையில் வரும். அதில் 'கணிப்பொறி நிரலில் ஏற்பட்ட சிறு பிழை' என்று ஒரே வரிதான் இருக்கும். அந்தச் சிறு பிழை எப்படிப்பட்டது என்று தங்களிடம் கொட்டித் தீர்க்காவிட்டால் என் மனசு ஆறாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் நிலையத்தில் வேக மாதிரி என்று ஒன்று இருக்கிறது. பூமிக்கு அடியில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், அதிர்வு அலை என்ன வேகத்தில் ஓடும் என்பதையெல்லாம் பல வருஷமாகத் திரட்டிக் கணிப்பொறியில் வைத்திருக்கிறார்கள். பாறையில் அலை விறுவிறுவென்று ஓடும். சேற்றில் தள்ளாடும். அது தள்ளாடுகிற இடத்தில்தான் மேலே இருக்கிற கட்டடம் அதிகமாக ஆடும். ஓர் இடத்தின் நெட்டாங்கு, அகலாங்கு, ஆழம் மூன்றையும் கொடுத்துக் கேட்டால் இந்த வேக மாதிரி அங்கே அலையின் வேகத்தைச் சொல்லிவிடும். கேட்கிற வேலையைச் செய்வது நான் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல். ஃபோர்ட்ரான் என்பது கிட்டத்தட்ட என் வயதுக் கணினி மொழி. இளையவர்கள் அதைப் பார்த்தால் பழைய டைப்ரைட்டரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் உருப்படியாக வரும்.

தங்கள் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்ததும், சம்பந்தி வீட்டு வேலை, நாமே முன்னின்று செய்வோம் என்று வாங்கிக்கொண்டேன். அங்கேதான் வினை. முதல் தடவை கேட்டபோது, எல்லா ஆழத்திலும் வேகம் கழித்தல் ஒன்று என்று பதில் வந்தது. அதாவது அலை முன்னால் ஓடுவதற்குப் பதில் பின்னால் ஓடுகிறது. 'நீ கேட்கிற இடம் என் எல்லைக்குள்ளேயே இல்லை' என்று வேக மாதிரி சொல்லும் விதம் அது. அதற்கு நெட்டாங்கை முதலில் சொல்ல வேண்டும். நான் அகலாங்கை முதலில் சொல்லித் தங்கள் பள்ளிக்கூடத்தை வேறு ஏதோ கண்டத்துக்கு அனுப்பியிருந்தேன். திருத்தினேன். இரண்டாவது தடவை, வெளிச்சமே தோற்றுப்போகிற வேகத்தில் தங்கள் மண்ணுக்குள் அலை ஓடியது. வேக மாதிரி நீளமான எண்களில் பேசுகிறது, நான் குட்டையான எண்களை வைத்துக்கொண்டு காது கொடுத்திருக்கிறேன், அதனால் வந்த உளறல். அதையும் திருத்தினேன். மூன்றாவது தடவை நொடிக்குத் தொண்ணூற்றெட்டு மீட்டர் என்று வந்தது. சுத்தமான சேற்றின் வேகம். சம்பந்தியம்மா, நான் செய்த பெரிய தப்பு இங்கே. இரண்டு தடவை பைத்தியக்காரப் பதில் வந்த பிறகு, மூன்றாவதாக வந்தது மனிதர் நம்பும்படி இருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாகிவிட்டது. நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அறிக்கை போனது. தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். கோபப்படவில்லை, வாதாடவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், அந்த நிலத்தில் ஒரு தடவையாவது வந்து நின்று பார்த்தேனா என்று. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லாமல் போயிருக்கும். ஆனால் என் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் என்பது தங்களுக்குத் தெரியும். யாராவது குரலை உயர்த்திப் பேசினாலே அவள் கை எழுதத் தொடங்கிவிடும். மளிகைச் சீட்டின் பின்பக்கம் முழுவதையும் எழுதிவிட்டாள். நான் ரிசீவரை வைத்ததும், சாட்சியம் வாசிக்கிற அதே தட்டையான குரலில் எனக்கே வாசித்துக் காட்டினாள்.

"நிலத்து மேல நிக்கிறவங்களுக்கு மேல இருக்கறதுதாம்மா தெரியும். அடியில என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

வாசித்துவிட்டுச் சீட்டை மடித்து மளிகைப் பையில் வைத்தாள். தாங்கள் அதற்கு "சரிங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து பதினொரு நாளாக எங்கள் வீட்டில் பேச்சு, "உப்பு போதுமா", "கதவைச் சாத்திட்டீங்களா" என்ற அளவில்தான் இருந்தது.

மகளைக் கூப்பிட்டு, அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஜாடையாகக் கேட்டேன். "அப்பா, இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அத்தை எப்பவும் போலத்தான் இருக்காங்க" என்றாள். திட்டினால் சமாதானம் சொல்லலாம். எப்பவும் போல இருப்பவரிடம் என்ன சொல்வது? கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகாத பெண், மாமியார் கட்டுகிற கட்டடத்தைத் தகப்பன் நிறுத்திவிட்டான், அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள் என்று நினைத்து நினைத்துச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போன நாட்கள் உண்டு.

போதாததற்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்துவிட்டார். இப்போது பள்ளிக்கூடம் ஒரு மரச்சாமான் குடோனில் நடக்கிறதாமே. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாதாம், விற்காத பீரோக்கள்தானாம். ஒரு பக்கம் வாய்ப்பாடு சொன்னால், மறுபக்கம் சரித்திரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் ஆண்டுகளுக்குப் பதில் அதை எழுதிவிடுகிறார்களாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவரோ, வேறு நிலம் பார்த்துக் கட்ட எத்தனை மாதம் ஆகும் என்று தெரிந்தால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன், பாவம், தினமும் கேட்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னார். குறைந்தது ஒரு வருஷம் என்றேன். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள் என்று என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை அன்று நான் கொஞ்சம் பெருமையோடுதான் வாங்கிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

இன்று காலை பத்து மணி இருக்கும். எங்கள் நிலையத்து வரைபடக்காரர், மாத இதழில் போடுவதற்காக நாங்கள் அறிக்கை கொடுத்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கோப்பைப் பார்த்து வைப்பவர், கோப்பு கிடைக்காததால் என் நிரல் எழுதிவைத்த விடைத்தாளிலிருந்து எண்ணை எடுத்திருக்கிறார். தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"சார், உங்க சம்பந்தியம்மா கட்டறது மிதக்கிற பள்ளிக்கூடமா?"

பார்த்தேன். புள்ளி ஏரிக்குள் இருந்தது. கரையோரம்கூட இல்லை, படகுத்துறையைத் தாண்டி, நாணல் மண்டிய இடத்தில். உங்கள் வரைபடம் தப்பு என்றேன். அவர் பொறுமையாக, ஏரி இருபது வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது என்றார். நிரலைத் திறந்தேன். நெட்டாங்கின் தசமப் பகுதி இரண்டு, எட்டு, ஆறு, நான்கு என்று என் கண்முன்னே பளிச்சென்று இருக்கிறது. நான்தான் தட்டினேன், சரியாகத்தான் தட்டினேன். சரி, நிரல் என்ன நினைக்கிறது என்று கேட்போம் என்று அதையே அச்சிடச் சொன்னேன். இரண்டு, சைபர், சைபர், சைபர் என்றது. திரையில் எட்டு, ஆறு, நான்கு இருக்கிறது, நிரல் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று இலக்கம் போனதில் தங்கள் பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர் நடந்து போய்த் தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. பழைய பாணி ஃபோர்ட்ரானில் ஒரு வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துவரைதான் கணக்கு. அட்டையில் துளை போட்டு நிரல் எழுதிய காலத்து ஏற்பாடு. அதைத் தாண்டி எழுதினால் நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. திட்டாது, எச்சரிக்காது, அது பாட்டுக்கு விட்டுவிட்டுப் போய்விடும். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விதி. இதே விதியை நானே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். பிறகு எப்படி என்றால், மூன்றாவது தடவை ஓட்டுவதற்கு முன்னால், நிரல் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சமக்குறிகளையெல்லாம் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தினேன். அதற்காக வரிகளை வலப்பக்கம் தள்ளினேன், இன்னும் தள்ளினேன். கடைசி மூன்று இலக்கங்கள் விளிம்பைத் தாண்டி விழுந்தன. அழகுபடுத்தியதைத் தவிர நான் வேறு ஒரு குற்றமும் செய்யவில்லை.

வரியை இடப்பக்கம் இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நொடிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். பாறை. நான் நம்பவில்லை. ஒன்பது தடவை ஓட்டினேன். சுற்றி நாலு பக்கமும் நூறு நூறு மீட்டர் தள்ளிக் கேட்டேன், எல்லாம் பாறை. வரைபடக்காரரை உட்காரவைத்து அவர் கையால் எண்ணைத் தட்டச் சொன்னேன், பாறை. புள்ளியை வைக்கச் சொன்னேன், மேட்டுத் தெருவுக்குப் பின்னால், தங்கள் மனையில் கச்சிதமாக விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தப்பு செய்தவனுக்கு வெட்கம்தான் முதலில் வர வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இந்தத் தப்பு எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கலாம் அல்லவா? சேற்றைப் பாறை என்று நான் கையெழுத்துப் போட்டு, தாங்கள் அதை நம்பி மூன்று மாடி எழுப்பி, உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. வரைபடக்காரர் நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "முப்பது வருஷ சர்வீஸ்ல, தப்பு பண்ணிட்டு இவ்வளவு சந்தோஷமா வந்து சொன்ன ஆளை நான் பாத்ததில்ல" என்றார். உடனே கையெழுத்துப் போட்டார். இனி நிலையத்திலிருந்து எந்த அறிக்கை போனாலும், நிரல் சொல்கிற இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு அலுவலகத்தில் அதற்குள் என் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆகவே சம்பந்தியம்மா, பதினொரு நாள் தங்கள் வேலை நின்றதற்கும், கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்ததற்கும், தொலைபேசியில் நான் பேசிய பேச்சுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்கள் எதுவும் சொல்லாமல் மனசுக்குள் வைத்து வருந்தியதற்கும் என்னை மன்னிக்க வேண்டும். என் மகளிடம் இதைக் காட்டிக்கொள்ளாத தங்கள் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு என் ஆசி. குடும்பத்தில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பாறைமேல் எழும்பும் கட்டடம் நூறு வருஷம் நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
வெட்கமும் நிம்மதியும் கலந்த நிலையில்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் தொலைபேசியில் வந்தாள். நல்ல செய்தியைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அறிக்கை வந்த மறுநாளே தாங்கள் துளை போடும் இயந்திரத்தை வரவழைத்து மூன்று இடத்தில் இறக்கியதாகவும், இரண்டாவது மீட்டரிலேயே பாறையில் முட்டி ஒரு துளைமுனை உடைந்துபோனதாகவும், கொத்தனார்களையெல்லாம் பக்கத்துக் கொட்டகையில் கம்பி வளைக்கவும் ஜன்னல் சட்டம் அடிக்கவும் உட்காரவைத்து விட்டதால் வேலை ஒரு நாள்கூடப் பிந்தவில்லை என்றும் சொன்னாள். இதையெல்லாம் எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "அத்தைதான்பா வேண்டாம்னாங்க. அவரே கண்டுபிடிச்சிடுவாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம், இல்லன்னா துளை போட்ட கல்லை அனுப்பிக்கலாம்னாங்க" என்றாள். இன்று வியாழக்கிழமை. ஆக, வேலை நிற்கவில்லை, தாங்கள் வருந்தவில்லை, எனக்கு முன்னாலேயே தங்களுக்கு எல்லாம் தெரியும். பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று என் மனைவி கேட்கிறாள். பதினொரு நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி இது. இவ்வளவு எழுதிய பிறகு கிழிக்க மனம் வரவில்லை. அனுப்புகிறேன். தாங்கள் இதைப் படித்தது போலவே காட்டிக்கொள்ள வேண்டாம். அது தங்களுக்கு நன்றாகவே வருகிறது.