ஸ்கொட்லாந்து மாப்பிள்ளை விசாரணை

ஏழு தலைமுறையை விசாரிக்காமல் என் மகளை ஒருவனுக்கும் கட்டிக்கொடுப்பதில்லை. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் எடுத்த முடிவு இது. இருபத்தொன்பது வருடமாக அந்த முடிவுக்கு வேலை வரவில்லை. இந்தத் தை மாதம் வந்தது. பெயர் ஈவன் மில்ன்.

லண்டன் இல்ஃபோர்ட்டில் மகள் கம்சிகா வேலை செய்யும் கண் கிளினிக்கில் அவரும் கண் பார்க்கிறார். அபர்டீனுக்கு மேற்கே ஒரு கிராமம். நெதர்ட்டன் என்ற பண்ணையில் மாடும் பார்லியுமாகச் சீவிக்கிற குடும்பம். கம்சிகா எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்து, விசயத்தைச் சொல்லி, அப்பா ஓம் என்று சம்மதம் சொல்லாமல் தான் ஒன்றும் செய்யமாட்டேன் என்றும் சொன்னாள். நல்ல வளர்ப்பு. ஆகவே எல்லாம் என் கையில் இருந்தது.

விசாரித்து முடியும்வரை ஓம் சொல்லமாட்டேன், ஒரு குறை கண்டால் சொல்லவே மாட்டேன் என்று மனைவி கலாவதியிடம் அறிவித்தேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்து மூன்று நியாயங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் தேவை வரவில்லை.

"நல்லது. விசாரியுங்கோவன்" என்றாள். "வடிவா, ஆறுதலா, ஒண்டும் விடாமல் விசாரியுங்கோ."

அன்று பின்னேரமே மேல்மாடிச் சின்ன அறையை ஒதுக்கினாள். மேசை போட்டாள். பழைய பதிவேடுகளைப் பார்க்கிற இணையத்தளத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். முப்பத்துமூன்று வருடத்தில் எந்த வேலையையும் அவசரமில்லாமல், ஆறுதலாகச் செய்யும்படி அவள் எனக்குச் சொன்னதில்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்துக்காரரைக் குறை சொல்லக்கூடாது. 1855இலிருந்து பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். விவாகப் பதிவில் மணமக்கள் இருவருடைய தாய்மாரின் கன்னிப்பெயரும் உண்டு. எங்கள் கலியாணத் தரகர்கள்கூட இவ்வளவு எழுதுவதில்லை.

ஆனால் தலையிடி வேறு இடத்தில் இருந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இரண்டாவதுக்குத் தாயின் தகப்பன் பெயர். இது அங்கே வழக்கம். ஆகவே வில்லியமின் மகன் ஜேம்ஸ், ஜேம்ஸின் மகன் வில்லியம், வில்லியமின் மகன் மறுபடியும் ஜேம்ஸ். போதாததற்கு அந்தக் காலத்து மில்ன்கள் கூலிக்கு உழுதவர்கள். ஆறு மாதம் ஒரு பண்ணை. வைகாசியிலும் கார்த்திகையிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணை. பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசனக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கு ஒருமுறையாவது அவர்கள் பழைய இடத்தில் அகப்படவில்லை.

நான் விடவில்லை. கலாவதி தேத்தண்ணி கொண்டுவருவாள்.

"இப்ப எந்த வருசத்தில நிக்கிறியள்?"

"1901."

"அவசரப்படாதேங்கோ."

பங்குனியில் ஒரு சனிக்கிழமை கம்சிகா மேலே ஏறிவந்து, என்னைக் கட்டிப்பிடித்து, "தாங்க்ஸ் அப்பா" என்று கண்கலங்கினாள். நான் படுகிற பாட்டைப் பிள்ளை விளங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நானும் கொஞ்சம் கலங்கினேன்.

அந்த நாட்களில் கீழே பார்சல்கள் வந்தபடி இருந்தன. எல்லாம் சீலை. கேட்டேன். மலிவு விற்பனை என்றாள் கலாவதி. குசினியில் சமைத்தபடியே தொலைபேசியில் அடிக்கடி ஆங்கிலத்தில் கதைத்தாள். ஊர்க் கவுன்சில் அலுவலகத்தோடு என்று நினைத்தேன். கவுன்சிலோடு ஒருவரும் ஒரு மணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆனியில் பதிவேடுகளை வைத்துவிட்டு எங்கள் ஊர் முறைக்கு மாறினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தை விசாரிப்பது எப்படி? பெண் வீட்டார் என்று காட்டிக்கொள்ளாமல் சந்திக் கடைக்குப் போய், ஒரு சோடா குடித்தபடி, போகிற போக்கில் கேட்பது. நெதர்ட்டன் பண்ணைக்குக் கிட்டிய சந்தியில் மாட்டுத் தீவனம் விற்கிற கடை ஒன்றுதான் உண்டு. இலக்கத்தைத் தேடி எடுத்தேன். லண்டனிலிருந்து பேசும் விவசாய வரலாற்று ஆய்வாளன் என்று என்னை அறிமுகப்படுத்தினேன். மழை, பார்லி, மாட்டு விலை என்று சுற்றிவந்து, மில்ன் குடும்பம் எப்படி என்று போகிற போக்கில் கேட்டேன். சோடாவையும் மறக்கவில்லை, பக்கத்தில் ஒரு போத்தல் வைத்திருந்தேன்.

கடைக்காரர் அருமையான மனிதர். அரைமணித்தியாலம் கதைத்தார். பாதி விளங்கியது. விளங்கிய பாதியில் குறை ஒன்றும் இல்லை.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது குறை கிடைத்தது. ஈவனின் பாட்டனுக்குப் பாட்டன் வில்லியம் மில்ன், 1868இல் பிறந்தவர். தாய் ஜீன் மில்ன், பண்ணையொன்றில் குசினி வேலை. தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமை. அந்த ஊர்த் தேவாலயத்து மூப்பர்களின் கூட்டக் குறிப்பையும் தேடிப்பிடித்தேன். ஜீனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். தகப்பன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று மாட்டில் பால் கறக்க வேண்டியிருந்ததால் அவள் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆகவே மில்ன் என்ற குடும்பப் பெயரே தாய்வழியில் வந்தது. தகப்பன்வழி ஐந்தாம் தலைமுறையோடு அறுந்துவிட்டது. மிச்சம் இரண்டு தலைமுறையை நான் எங்கே போய்த் தேடுவது?

அச்சடித்து, கோப்பில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய மேசையில் வைத்தேன். இந்தக் கலியாணத்துக்கு நான் ஓம் சொல்வதற்கில்லை என்றேன்.

கலாவதி கோப்பைத் திறக்கவில்லை. "ஜீன்தானே?" என்றாள்.

நானே கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தில் அந்தப் பெயர்தானா என்று பார்த்தேன்.

"மொய்ரா முதல் நாளே சொன்னவ. ஈவனின்ர தாய். அவையளின்ர வீட்டு வரவேற்பறையில ஜீனின்ர படம்தான் தொங்குதாம். கிழவி ஒத்தையில நிண்டு பிள்ளையை வளத்து, கடைசியில தான் வேலை செய்த பண்ணையையே குத்தகைக்கு எடுத்தவவாம். அவையளுக்கு அவவாலதான் பெருமை."

"மொய்ராவை உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மாசியிலயிருந்து கதைக்கிறன். பிறகு நீங்கள் தீவனக் கடைக்கு எடுத்தனீங்கள். அவர் மொய்ராவின்ர ஒண்டைவிட்ட தம்பி. நீங்கள் போனை வைச்சுப் பத்து நிமிசத்தில மொய்ரா எனக்கு எடுத்திட்டா. மாட்டு விலை கேட்டு ஒரு ஆய்வாளர் கதைச்சவராம், பெட்டையின்ர தகப்பன்தானே எண்டு கேட்டவ. அங்கயும் அப்பிடித்தானாம் விசாரிக்கிறவை."

நான் கோப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அவவும் எங்களைப் பற்றிக் கேட்டவ. உங்கட அப்பப்பாவுக்கு வவுனியாவில இன்னொரு குடும்பம் இருந்ததைச் சொன்னன். நல்லாச் சிரிச்சவ."

முப்பத்துமூன்று வருடமாக நான் கட்டிக்காத்த விசயம் அது. "அது உமக்கு..."

"எங்கட அப்பா விசாரிக்காமலோ என்னை உங்களுக்குத் தந்தவர்?"

சரி, போகட்டும், ஆனால் நான் இன்னும் ஓம் சொல்லவில்லையே என்று நினைவூட்டினேன். அது பங்குனியிலேயே சொல்லியாகிவிட்டதாம். என் சார்பில் அவளே சொல்லிவிட்டாளாம். மகள் என்னைக் கட்டிப்பிடித்தது அதற்காம். மண்டபம் எடுத்தாயிற்று. ஆவணியில் முகூர்த்தம். அழைப்பிதழ் அலுமாரியில் இருக்கிறது. என் பெயரில், எழுத்துப்பிழை இல்லாமல்.

"அப்ப ஏன் என்னை ஆறு மாதம் மேல இருத்தி விசாரிக்க விட்டனீர்?"

கலாவதி எழுந்துபோய் ஒரு பழைய வான்கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் கலியாணத்துக்கு முந்திய வருடம், என்னைப் பற்றி விசாரித்த அவளுடைய தகப்பனாருக்கு லண்டனிலிருந்து போன பதில். எழுதியவர் செபமாலைமுத்து. அப்போது கோலியர்ஸ் வுட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். அப்பப்பாவின் வவுனியாக் கதை கடிதத்தின் முதல் பந்தியில். நான் நம்பிச் சொன்னது. இரண்டாம் பந்தி இப்படி இருந்தது:

"குடி இல்லை. சூது இல்லை. பெடியன் எல்லாத்துக்கும் நியாயம் கதைப்பான். ஆனால் கையில் ஏதும் பழைய புத்தகத்தைக் குடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. தங்கச்சி பயப்படாமல் கட்டலாம்."

இரண்டு முறை வாசித்தேன். நியாயம் கதைக்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

கலாவதி கடிதத்தை மடித்து, என் கோப்பின் மேல் வைத்து, இரண்டையும் என் கையில் தந்தாள். "கலியாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு" என்றாள். "பந்தல், சாப்பாட்டு அலுவல் எல்லாம் நானும் மொய்ராவும் பாப்பம். நீங்கள் அந்த ஜீனின்ர தாய் தகப்பன் ஆரெண்டு ஒருக்காப் பாருங்கோவன். ஆறுதலா."

1790 வரை வந்துவிட்டேன்.