நசீருதீன் கண்டுபிடித்த லீக்

நாலு குலாப் ஜாமூன்தான். பொத்தேரிக்குச் சரக்கு கொடுக்கப் போன இடத்தில் சூடாகக் கொடுத்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் பைப் கடை வைத்திருக்கும் நசீருதீன் அதோடு தொலைந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மீட்டரில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் மச்சான் மகனுக்கு வலீமா, கல்யாண விருந்து. அதுவரை சர்க்கரை இருநூறைத் தாண்டாவிட்டால் ஒரு தட்டு பிரியாணி என்று மனைவி சபீஹா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தத் தட்டு இப்போது கண் முன்னால் பறிபோனது.

அப்போதுதான், பம்ப் கம்பெனியிலிருந்து நேற்று வந்து படிக்காமல் கிடந்த குறுஞ்செய்தி கண்ணில் பட்டது. அவர் இடுப்பில் மாட்டியிருக்கும் இன்சுலின் பம்ப்பிலிருந்து வயிற்றுக்குப் போகும் டியூப் சில பெட்டிகளில் கசிகிறதாம். மருந்து உள்ளே போகாமல் சர்க்கரை ஏறுமாம், ஜாக்கிரதை. வேறு யாராவது படித்திருந்தால் பயந்திருப்பார்கள். இவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

ஃப்ரிட்ஜில் இருந்த பழைய இன்சுலினை எடுத்து, பனியனின் இடது பக்கம் நாலு சொட்டு விட்டார்.

"சபி, டியூப் லீக். சுகர் முன்னூத்திப் பன்னெண்டு."

சபீஹா முகம் வெளுத்து ஓடி வந்தாள். நசீருதீனுக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. குனிந்து பனியனை முகர்ந்தாள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போல இன்சுலினுக்கென்று இருக்கும் வாசனை.

"ஆமாங்க, இன்சுலின்தான்."

"இருபது வருஷமா பைப் விக்கிறேன். லீக்கு எனக்குத் தெரியாதா? டியூப் தப்புக்கு நான் என்னா பண்ணுவேன்? பிரியாணி உண்டுல்ல?"

"உண்டுங்க. காலைல டியூப் செட்டை வயித்துல எந்தப் பக்கம் மாத்தினேன்?"

செட் மாற்ற அவள் ஊசி குத்தும்போது நசீருதீன் எப்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். காலையிலும் மூடினார். இப்போது மெல்லத் தடவிப் பார்த்தார். டியூப் வலது பக்கம் போனது.

"அந்த மெசேஜ் எனக்கும் நேத்தே வந்துச்சு. அந்தப் பெட்டிய ஓரங்கட்டிட்டுதான் வேற செட்டு போட்டேன்."

"தண்ணி மாதிரிதானே சபி, சுத்திக்கினு இந்தப் பக்கம் வந்திருக்கும்."

"பொத்தேரி போனாலே குடுப்பாங்களே, எத்தனை ஜாமூன்?"

"ரெண்டு."

சபீஹா மீட்டரை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"நாலு."

கணக்குப் பார்த்துப் பம்ப்பை அழுத்தி இன்சுலின் ஏற்றினாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கும்வரை நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"பனியனைக் கழட்டிக் குடுங்க. ஞாயித்துக்கெழமை நான் மட்டும் போயி, பிரியாணிய இதுல தடவி எடுத்தாறேன். மோந்துக்கோங்க."