கீழ்வீட்டைக் காலி செய்யச் சொன்ன வரலாறு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் இளைய மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கீழ்வீட்டு விஷயம் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி என்று அறிய விரும்புகிறோம்.

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். "உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் உண்மையை உள்ளபடி எழுதி அனுப்புங்க, அதை வச்சுத்தான் கேஸ் போட முடியும்" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிறையப் படிக்கிற பெண் என்பதால்தான் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மற்றவர்கள் நடந்ததை எழுத வெட்கப்படுகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. போன முறை நீங்கள் விட்டுச் சென்ற வீட்டுவாடகைச் சட்டப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். கதைப் புத்தகம் போல இல்லை. ஆனாலும் யார் ஜெயிப்பார்கள் என்ற ஆவல் கடைசிவரை இருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. அத்தான் வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருப்பதால் அக்கா எங்களோடு இருக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பதோ மாடியில். அந்த வெளிப்படிக்கட்டு எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் முதுகுவலி அங்கேதானே ஆரம்பித்தது. கீழ்வீட்டில் கண்ணாடிக்காரர் குடியிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர், தனியாள். அவருடைய ஒப்பந்தம் முடிந்து வெகுகாலம் ஆகிறது. சொந்தக் குடும்பத்தின் தேவைக்கு வீட்டைத் திரும்பக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, உரிய கெடு கொடுத்தால் போதும். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு பக்கத்தைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்தும் தாண்ட முடியவில்லை.

முதலில் போனவர் அப்பா. அஞ்சலகத்தில் நாளெல்லாம் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து "இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்க" என்று ஊருக்கே சொல்கிறவர்தான். ஆனால் நடுவில் கம்பி இல்லாவிட்டால் அவருக்கு அந்த வார்த்தை வருவதில்லை. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். சாட்சியாக நானும் போனேன். அப்பா தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, "சார், ஒரு முக்கியமான விஷயம்" என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, கண்ணாடிக்காரர் பதறிப்போனார். "என்ன சார் இது, பேப்பரை இவ்வளவு தூரத்துல பிடிக்கிறீங்க? உட்காருங்க, உட்காருங்க" என்று நாற்காலியில் அமர்த்தி, பெட்டியிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை எடுத்து அப்பா மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். "இதுதான் தெளிவு" என்று சொன்ன அப்பா அப்படியே நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே ஒழுகி ஒழுகிக் கறுத்த ஈரத்திட்டும், சுவரில் கை நுழைகிற விரிசலும் அவர் கண்ணுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தன. கூரையும் சுவரும் உரிமையாளர் பொறுப்பு என்று என் புத்தகம் சொல்வதை நானும் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அது என் தவறுதான்.

மேலே வந்ததும் அம்மா, "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒழுகுற இடத்தை அடைச்சு, சுவரெல்லாம் பூசித் தர்றேன்னு சொன்னேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நகருங்க. நான் போய் நறுக்குனு ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று இறங்கினாள். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தாள். வந்தவள் நேரே மொட்டை மாடிக்குப் போய், எங்கள் துணிக்கொடிக்குப் பக்கத்தில் இன்னொரு கொடி கட்டினாள். "மனுஷன் ஈரச்சட்டையைக் கதவு மேல தொங்கவிட்டிருக்கார். அதைப் பார்த்துக்கிட்டே எப்படிங்க கேட்கிறது?" என்றாள். "நறுக்குனு கேட்டியா?" என்று அப்பா சிரித்தார். "மேல வந்து காயப்போடுங்கன்னு நறுக்குனுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. இப்படிப் புதிதாகக் கொடுத்த வசதியைப் பிறகு நினைத்தபடி பறிக்க முடியாது என்று நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அம்மா என் கையில் துணிக் கவ்விகளைக் கொடுத்து, கீழே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள்.

வாய்ப்பேச்சு சரிப்படாது, எழுத்தில் கொடுப்போம் என்று முடிவானது. நான் எழுதிய அறிவிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை: குடும்பத் தேவைக்காக வீடு வேண்டியிருக்கிறது, குறித்த நாளுக்குள் காலி செய்து தரவும். அப்பா படித்துவிட்டு, "இவ்வளவு கடுமையா இருந்தா அவருக்கு ராத்திரி தூக்கம் வராதே" என்றார். 'காலி செய்து தரவும்' என்பதை 'காலி செய்ய இயலுமா என யோசிக்கலாம்' என்று மாற்றினார். குடும்பத் தேவை என்ற வார்த்தையை, வீட்டு விஷயம் வெளியே எதற்கு என்று அம்மா அடித்தாள். எங்களால் இதுவரை ஏதேனும் அசௌகரியம் நேர்ந்திருந்தால் பொறுத்தருளவும் என்று அப்பா ஒரு வரி சேர்த்தார். மேலும் அடித்துத் திருத்தி நல்ல தாளில் எடுத்து எழுதியபோது, காலி என்ற சொல்லே அதில் எங்கும் காணோம். நான் கொண்டுபோய்க் கொடுத்து, "பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும்" என்றேன். "பாப்பா எவ்வளவு அழகா எழுதுது!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பாப்பா என்றதையும் தாங்கள் வழக்கில் சேர்க்கலாம். அன்று மாலையே, இப்படி விசாரிக்கிற வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார் என்று நன்றி எழுதி, கூடவே அந்த மாத வாடகையையும் வைத்து மேலே எடுத்து வந்தார். அறிவிப்புக் கொடுத்த பிறகு வாடகை வாங்கினால் அறிவிப்பே நீர்த்துப்போகும் என்று நான் அலறிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அம்மா இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "தண்ணியை நிறுத்துங்கப்பா. தானா ஓடுவார்" என்றாள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது குற்றம் என்று நான் படித்துக் காட்டினேன். "அரை மணி நேரம் நிறுத்தினா குற்றத்திலே சேராது" என்று அப்பா தானாக ஒரு சட்டம் இயற்றிக்கொண்டு, குழாயடிக்குப் போய் வால்வைத் திருகினார். அது எங்கள் மாடிக்குப் போகும் வால்வு. அதுவும் கையோடு உடைந்து வந்துவிட்டது. சோப்பு நுரையோடு குளியலறையில் நின்ற அம்மா போட்ட கூச்சலைக் கேட்டு, கண்ணாடிக்காரர் தன் செலவில் வேறு வால்வு வாங்கி வந்து மாட்டினார். அதுவரைக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து மாடி ஏறினார். அவசரப் பழுதுக்கு வாடகைதாரர் செய்த செலவை உரிமையாளர் ஈடுகட்ட வேண்டும். ஆகவே இப்போது நாங்கள்தான் அவருக்குக் கடன்.

அடுத்ததை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. முகமெல்லாம் வியர்வை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. கண்ணாடிக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, படி திரும்புகிற மேடையில் போட்டு அவளை உட்கார வைத்தார். "தங்கச்சி மெதுவா மூச்சு விடும்மா, அவசரமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் அக்கா மேலே வந்தாள். பொது வழியில் நாற்காலி போட்டு மறித்தார் என்று இதை எழுதச் சொன்னார் அப்பா. உண்மையை உள்ளபடி என்று நீங்கள் சொல்லியிருப்பதால், நாற்காலி எதற்கு என்பதையும் எழுதிவிட்டேன்.

ஆக, நம் பக்கம் ஆதாரம் என்று பார்த்தால் பாப்பா என்று அழைத்தது ஒன்றுதான் உறுதியாக நிற்கிறது. இனி அக்காவால் அந்தப் படியில் ஒரு தடவைகூட ஏறி இறங்க முடியாது மாமா. நீங்கள்தான் கறுப்புக் கோட்டோடு நேரில் வந்து, எங்களில் யாரையும் பக்கத்தில் விடாமல், அவரிடம் சொல்ல வேண்டும். அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பயலின் கன்னத்தை எனக்காக ஒருமுறை கிள்ளவும். பெரியவர்கள் தங்களை ஆசீர்வதிக்கிறார்கள். நான் சின்னவள் என்பதால் ஆசியை வாங்கிக்கொள்ள மட்டும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே எழுதும் மருமகள்

பின்குறிப்பு: வழக்குப் போட வேண்டாம் மாமா. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரரே மேலே வந்தார். கையைப் பிசைந்துகொண்டு, "சார், எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. கடையில என்னை வேற ஊர்க் கிளைக்கு மாத்திட்டாங்க. மாசக் கடைசியில நான் காலி பண்ணணும். நீங்க எல்லாரும் எனக்குச் செய்றதைப் பார்த்து, இத்தனை நாளா வாயே வரலை" என்றார். அக்கா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "எங்ககிட்ட என்ன சார் குறை கண்டீங்க?" என்றார். "சுவரெல்லாம் பூசித் தர்றதா சொல்லியிருக்கோம், கொடி கட்டியிருக்கேன், இப்படியா உதறிட்டுப் போவீங்க?" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். கண்ணாடிக்காரர் நடுங்கிப்போனார். "ஐயோ, அழாதீங்கம்மா. மாற்றல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன். இங்கேயே இருந்துடறேன்" என்றார். "அப்படிச் சொல்லுங்க!" என்று அப்பா கைகுலுக்கி, அந்த மகிழ்ச்சியிலேயே ஒரு வருடத்துக்குப் புது ஒப்பந்தமும் எழுதிவிட்டார். சாட்சி இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்த ஒப்பந்தம் நிற்குமா நிற்காதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல், வயதையும் பக்கத்திலேயே தெளிவாக எழுதி, மிக அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் படி இறங்கிப் போன சத்தம் அடங்கியதும் அக்கா, "அப்போ நான் எங்கப்பா போறது?" என்று கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். இந்த வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும்; மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் "எல்லாரும் தூங்குங்க" என்று அப்பா விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்.