ஆறுமணிக்குருவியும் சிவப்புப் பலகையும்

பத்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பு எடுத்தவள் நான். மண்டையோடு போட்ட அந்தச் சிவப்பு அபாயப் பலகையைக் கரும்பலகையில் என்னைப்போல் வடிவாகக் கீற விசுவமடுவில் ஆளில்லை. (அந்தப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.) அப்படிப்பட்ட நானேதான் ஒரு குருவிக்குப் பின்னால் அந்தப் பலகையைத் தாண்டிப் போனேன்.

ஐப்பசியில் ஆறுமணிக்குருவிகள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும். விடியவும் பொழுதுபடவும் ஆறு மணிக்குக் கத்துவதால் அந்தப் பெயர். ஒரு சனிக்கிழமை, இரவல் பைனாகுலரோடு, கணவர் சுதனையும் ஐந்து வயது மகள் நிலாவையும் இழுத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு காட்டோரத்துக்குப் போனேன்.

விடிய ஆறு மணிக்குக் குருவி கத்தியது. பச்சை முதுகு, நீலச் சிறகு. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நடந்தேன். அது தத்தியது, நானும் தத்தினேன். எங்கள் பக்கத்தில் சிவப்புப் பலகை கடைப் பெயர்ப்பலகை மாதிரி. பார்த்துப் பார்த்து, கண் அதில் நிற்பதேயில்லை.

"நில்லும்! அசையாதையும்!" சுதன் கத்தினார்.

திரும்பினேன். பலகை எனக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் நின்றது. அதன் பின்பக்கத்தை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் அண்ணன் இப்படியொரு காணியில்தான் செத்துப்போனார். அவர் விறகுக்குப் போனவர். நான் குருவிக்குப் போயிருந்தேன்.

"அம்மா, எனக்கும் குருவி காட்டுங்கோ!" என்று நிலா ஓடி வர, சுதன் எட்டிச் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. மற்றக் கையால் அவளை அள்ளி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

நில், அசையாதே, உதவிக்குக் கத்து, காத்திரு. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். நின்றேன், ஒன்றரை மணித்தியாலம். நுளம்பு கடித்தது, சொறியப் பயம். தும்மல் வந்தது, விழுங்கினேன். (விழுங்கலாம் என்று அன்றுதான் தெரியும்.) குருவியோ என் காலடியில் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கியது. வெடியை அமுக்க அதற்கு நிறை போதாது.

சுதன் போனில் கூப்பிட, வெடி அகற்றும் குழு வந்தது. முகக்கவசத்தோடு, கருவியால் மண்ணைச் சோதித்துச் சோதித்து, அங்குலம் அங்குலமாக முழங்காலில் வந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரீச்சர்! நீங்களோ?"

கவிதா. என்னிடம் படித்தவள்.

"ஓம் பிள்ளை."

"எங்களுக்குப் படிப்பிச்சதை நீங்களே மறந்திட்டியளோ?"

"கதையை விட்டிட்டு மண்ணைப் பாரம்மா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் என் இடது குதிக்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கருவி சத்தமிட்டதும் சிரிப்பு நின்றது. அந்த இடத்தில் சின்னச் சிவப்புத் தடியொன்றை நட்டாள். பிறகு அவள் சோதித்து வந்த தடத்திலேயே கால் வைத்து வெளியே வந்தேன்.

இப்போதும் ஐப்பசியில் அந்தக் குருவி கத்தினால், "அம்மா, உங்களைக் கூப்பிடுது, போகேல்லையோ?" என்பாள் நிலா. வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சுதன் மட்டும் எழும்பிப் போய் வாசல் படலையைக் கட்டிவிட்டு வருவார்.