பன்ரண்டண்ணையின் அமெரிக்க யுத்தம்

அமெரிக்காவை மன்னிக்காதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் 1812ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு யுத்தத்துக்காக, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு, குடிக்கிற கோலா வரைக்கும் பகிஷ்கரித்த ஒரே மனிதர் எங்கள் பன்ரண்டண்ணைதான். சத்தியமாக.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவருடைய பாஸ்போர்ட் மட்டும்தான் பாவித்தது. எங்களுக்கு அவர் அந்த 1812இன் பன்ரண்டு.

நானும் ரூபனும் கம்பஸ் முடித்து வேலைக்குப் புதுசு. கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு ஃபிளாட் எடுத்திருந்தோம். மற்ற அறைக்கு ஆள் தேடியபோது, பருத்தித்துறையிலிருந்து ஒரு சூட்கேஸோடு இவர் வந்து இறங்கினார். மனைவி சுகந்தி அக்கா கனடாவில், ஸ்காபரோவில். ஊரில் கலியாணம் முடிந்த கையோடு லீவு முடிந்துவிட்டது என்று அக்கா திரும்பப் பறந்துவிட்டா. இது விசாவுக்காகச் செய்த கலியாணமோ என்று சந்தேகப்பட்டு, அண்ணையின் விண்ணப்பத்தைக் கனடாக்காரர் ஒருமுறை நிராகரித்தாயிற்று. இப்போது அப்பீல் வென்று, இரண்டாவது இன்டர்வியூவுக்காகக் கொழும்பில் காத்திருக்கிறார். இதிலும் தவறினால் காலம் முழுக்க வீடியோ கோலில்தான் குடும்பம்.

இந்த நிலையில் சுகந்தி அக்காவின் பெரியப்பா ஒரு புத்தகம் அனுப்பினார். “இதைப் பாடமாக்கினாக் காணும் தம்பி, ஒருத்தனும் மறிக்கேலாது” என்று வொய்ஸ் மெசேஜ் வேறு. திறந்து பார்த்தால், கனடாவில் வருஷக்கணக்காக இருந்துவிட்டுக் குடியுரிமைப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான புத்தகம்.

“அண்ணை, இது அங்க போன ஆக்களுக்கு. நீங்கள் இன்னும் கட்டுநாயக்கா எயார்போட்டே தாண்டேல்லை” என்றேன்.

“முந்திப் படிச்சாப் பிழையோ? வெள்ளைக்காரன் சந்தோசப்படுவான்.”

படித்தார். ஆறு, ஏரி, அரசியல் எல்லாம் பாய்ந்து கடந்தார். 1812ஆம் ஆண்டு யுத்தத்தில் வந்து நின்றார். அதற்கு அங்கால் அவர் போகவே இல்லை. காரணம் ஒன்றுதான். அமெரிக்கப் படை கனடாவுக்குள் புகுந்து, அப்போது யோர்க் என்று பெயரிருந்த ஒரு ஊரை எரித்திருக்கிறது. அந்த ஊர்தான் இன்றைய ரொறன்ரோ.

“டேய், என்ர மனுசி இருக்கிற இடமடா!”

“அண்ணை, அக்கா அப்ப பிறக்கேல்லை.”

“அதுக்காக எரிக்கலாமோ?”

அன்றிலிருந்து ஃபிளாட்டில் நிம்மதி போயிற்று. பல் விளக்கப் போனால் காரணம், சாப்பிட உட்கார்ந்தால் விளைவு. பிரிட்டிஷ்காரன் நெப்போலியனோடு அடிபடுகிற அவசரத்தில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, மாலுமிகளைப் பிடித்துத் தன் கடற்படையில் சேர்த்தான், பிரான்ஸோடு யாவாரம் செய்யாதே என்றான், அமெரிக்காவுக்குக் கோபம். “கோவம் நியாயம். நான் இல்லையெண்டேல்லை” என்பார் அண்ணை, பெரிய மனதோடு. “ஆனா இங்கிலாந்தோட பிரச்சினையெண்டா இங்கிலாந்துக்குப் போ. பக்கத்து வீட்டுக் கனடாவை அமுக்கப் பாத்தவனெல்லோ? உள்நோக்கமடா, உள்நோக்கம்!”

காலி வீதிக் கொத்துரொட்டிக் கடையில் இதைச் செய்முறையாகவே விளங்கப்படுத்தினார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய கொத்து. நடுவில் குழம்பை ஊற்றி ஏரி ஆக்கினார். மேலே கோழித்துண்டு ரொறன்ரோ, கீழே முட்டை வாஷிங்டன். அவர் நெப்போலியனில் நிற்கும்போதே ரூபன் கோழித்துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

“ரொறன்ரோவைத் திண்டிட்டான்!” அண்ணை கதிரையை விட்டு எழும்பியே விட்டார். கொத்துப் போடுகிறவர் கரண்டியோடு ஓடி வந்தார்.

“அய்யே, மொகத ப்ரஷ்னே?”

பிரச்சினை என்னவென்று சிங்களத்தில் சொல்ல அண்ணைக்கு வார்த்தை காணாமல் போயிற்று. உட்கார்ந்து முட்டை முழுவதையும் ஒரே வாயில் விழுங்கினார். பிறகு ஏவ்வென்ற ஏவறையோடு அறிவித்தார்: “யோர்க்கை எரிச்சதுக்கு அடுத்த வருசம் பிரிட்டிஷ்காரன் வாஷிங்டனுக்குள்ள பூந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தினவன். இதுதான் விளைவு.”

இதைவிடப் பெரிய சம்பவம் மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியால் வந்தது. மோட்டார் யார் எப்போது போடுவது என்று எங்களுக்கும் மூன்றாம் மாடி அங்கிளுக்கும் தகராறு. அண்ணை சமாதானத் தூதுவராகப் போய், அங்கிளின் மனைவியோடு கதைத்துவிட்டு வெற்றி முகத்தோடு வந்தார்.

“ஒப்பந்தம் முடிஞ்சுது. முந்தி எப்பிடியோ, இனியும் அப்பிடியே.”

“அப்ப எங்களுக்கு என்ன லாபம்?” ரூபன் கத்தினான்.

“1812 யுத்தமும் அப்பிடித்தான் முடிஞ்சது. எல்லை ஒரு இஞ்சும் மாறேல்லை. ரெண்டு பக்கமும் வெண்டிட்டம் எண்டு வெடி கொளுத்தினவங்கள். தங்கட காணி பறிபோகாமலிருக்கப் பிரிட்டிஷ்காரனோட சேந்து நிண்ட பூர்வீகச் சனத்துக்குத்தான் ஒண்டும் மிஞ்சேல்லை.” கடைசி வசனத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சமாதானச் செய்தியை அங்கிளின் மனைவி வாட்ஸ்அப்பில் அங்கிளுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிளின் போனில் டேட்டா முடிந்திருந்தது. ஆகவே தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்தவர், விஷயம் தெரியாமல் நேரே எங்கள் கதவில் உதைத்து, வாசலில் கிடந்த, கூட்டுகிற தும்புத்தடியோடு உள்ளே பாய்ந்தார். ரூபனுக்கு முதுகில் இரண்டு. அண்ணைக்கோ ஆனந்தம் தாங்கவில்லை.

“இதேதான்! ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்ச செய்தி கப்பலில வந்து சேரமுதல் நியூ ஓர்லியன்ஸில கடைசிப் பெரிய சண்டை நடந்ததடா! அங்கிள், இன்னொருக்கா அடியுங்கோ!”

“அண்ணை, அடி வாங்கிறது நான்!” என்று கதவுக்குப் பின்னாலிருந்து ரூபன் அலறினான்.

சுகந்தி அக்காவின் பாடு எங்களைவிட மோசம். ஒவ்வொரு நாளும் போனில் யுத்தம். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்கும்.

“இஞ்சருங்கோ, இஞ்ச ஸ்னோ கொட்டுது. நான் பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

“நில்லும், நில்லும். இப்பத்தான் கப்பலை மறிச்சிருக்கிறாங்கள்.”

இன்டர்வியூ நெருங்கிவிட்டது. உண்மையான புருஷன் பெண்சாதிதானா என்று துருவித் துருவிக் கேட்பார்களாம். நான் ஒபிஸராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன்.

“மனைவி என்ன வேலை?”

“பக்கிங். பெட்டிக்குள்ள எதையோ பக் பண்ணுறா.”

“அவவின்ர சிநேகிதி பேர்?”

அண்ணை பெரியப்பாவின் புத்தகத்தைப் புரட்டினார். ரூபன் தலையில் கை வைத்தான். “அண்ணை, அக்காவைப் பற்றி ஏதாவது கேளுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.”

இன்டர்வியூ அன்று விரல்கூட வெளியே தெரியாத நீளக்கைச் சேட்டோடு போனவர், பின்னேரம் திரும்பி வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னார்.

அக்கா சமைக்கிற குசினி என்ன நிறம் என்று ஒபிஸர் கேட்டாராம். தெரியாது. அக்கா எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறா? தெரியாது. ஒபிஸர் பேனையை வைத்துவிட்டு, “அப்ப தினமும் அவவோட என்னதான் கதைக்கிறீர்?” என்று கேட்டிருக்கிறார்.

“1812 யுத்தம் சேர். காரணங்களும் விளைவுகளும்.”

மொழிபெயர்க்க இருந்த தமிழர் திரும்பிப் பார்த்து, “தம்பி, இதை உண்மையாவே நான் சொல்லோணுமோ?” என்று கேட்டாராம்.

ஒபிஸர் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டு, புருஷன் உங்களோடு என்ன கதைப்பார் என்றிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்த அக்கா வெடித்தாவாம். “கப்பல்! அந்த மனுசனுக்குக் கப்பலை விட்டா வேற கதையில்லை! மாலுமியைப் பிடிச்சது, யாவாரத்தை மறிச்சது, கனடாவில ஆசைப்பட்டது, எல்லாம் எனக்குப் பாடம்! சுகமா இருக்கிறியோ எண்டு கேட்டு முடிக்கமுதல் ஊரை எரிக்கத் தொடங்கிடுவார்!”

“கடைசியில் யார் வென்றது?” என்று ஒபிஸர் கேட்டார்.

“கனடா!” என்றார் அண்ணை.

“ஒருத்தரும் இல்லை!” என்றா அக்கா போனில்.

“ஒருத்தரும் இல்லையோ? உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?”

“எல்லை மாறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

“அது வேறயப்பா!”

“என்ன வேற? எப்பவும் உங்களுக்கு வேறதான்!”

மொழிபெயர்ப்பாளர் நடுவில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார். ஒபிஸர் கையை உயர்த்தி, “போதும், போதும். இது கலியாணம்தான்” என்றாராம்.

நாங்கள் கத்திய கத்தலில் மூன்றாம் மாடி அங்கிள் திரும்பவும் தும்புத்தடியோடு வந்தார். இந்தமுறை அவருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தோம்.

அண்ணை கனடா போய் ஒரு மாதமிருக்கும். ஒரு ஞாயிறு காலை, வெயில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், போன் அடித்தது.

“டேய், இஞ்ச ஒருத்தருக்கும் அந்த யுத்தத்தைத் தெரியாதடா. பஸ்ஸில பக்கத்தில இருந்த வெள்ளைக்காரனிட்டக் கேட்டன், எழும்பி அங்கால போயிட்டான். சுகந்தி இப்ப தன்ர கதையை மட்டும்தான் கதைக்கலாமெண்டு சட்டம் போட்டிட்டா.”

“நல்ல சட்டம்” என்றேன்.

“ஓம். குசினி பச்சை நிறம். அவ போறது அம்பத்திநாலாம் நம்பர் பஸ். எல்லாம் தெரியுமடா இப்ப.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா அந்த ஏரியைப் பாத்தனான். அதிலதான் கப்பல் சண்டை...” என்று இழுத்தார்.

“சொல்லுங்கோ அண்ணை” என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஃபேன் இரைச்சலில் சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை. ரூபன் எழும்பிப் போய், அந்த வெக்கையில், ஃபேனை நிப்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.