முன்பக்கம் கனக்கும் துப்பாக்கி

துப்பாக்கி உதைத்ததில் மறுபடியும் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. தட்டு உடையவில்லை. பறந்துபோய்ப் புல்லில் பத்திரமாக இறங்கியது.

"தட்டைக் காப்பாத்திட்டீங்க டாக்டர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிளப்பே சிரித்தது.

கண் டாக்டர் மூக்கைத் தடவிக்கொண்டார். வானத்தில் வீசப்படும் களிமண் தட்டுகளை இதே துப்பாக்கியால் படபடவென்று உடைத்தவர்தான். கொஞ்ச நாளாகத்தான் இப்படி. ஞாயிற்றுக்கிழமை கிளப் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஒரு இடம். அதையும் கோட்டைவிட்டால், குறி தப்புகிற கண் டாக்டரிடம் யார் வந்து கண்ணைக் காட்டுவார்கள்? நேற்றே ஒரு நோயாளி, அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வேற டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டிருந்தார்.

நேராக கிளப் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் எதற்கோ எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"முன்பக்கம் கனக்குதுய்யா. குழாய் தொங்குது. துப்பாக்கின்னா கனம் ரெண்டு கைக்கும் நடுவுல வந்து உக்காரணும். கண்ணு போற இடத்துக்கு அதுவா போகணும். முன்னாடியெல்லாம் அப்படித்தானே போச்சு!"

"தோள்ல வெக்கிற பின்கட்டைக்குள்ள ஈயம் வெச்சா சரியாயிடும் சார். ஆனா... வீட்டுல கேட்டுட்டீங்களா?"

"என் துப்பாக்கிக்கு நான் ஏன்யா வீட்டுல கேக்கணும்?"

மெக்கானிக் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். ஈயத்தை வைத்தார்.

மறுநாள் குழாய் தொங்கவில்லை. துள்ளியது. தட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, மேகத்தில் ஒரு தடவை என்று டாக்டர் எல்லா இடத்தையும் சுட்டார். மூக்கில் இடிப்பது மட்டும் குறி தப்பவேயில்லை.

"இப்ப பின்பக்கம் கனம் ஜாஸ்தி. முன்னாடியும் கொஞ்சம் வைய்யி."

"வீட்டுல ஒரு வார்த்தை..."

"வைய்யின்னா வைய்யேன்!"

வைத்தார். துப்பாக்கி இப்போது ஒற்றை விரலில் தராசு மாதிரி நின்றது. டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெருமையோடு தோளில் ஏற்றினார். தட்டு கிளம்பியது, பறந்தது, இறங்கியது. அதற்கப்புறம்தான் துப்பாக்கி திரும்பியது.

"விரல்ல நல்லாத்தான் நிக்குது சார். ரெண்டு முனையிலயும் கனத்தைக் கட்டிவெச்சா எப்படித் திரும்பும்? உலக்கை மாதிரில்ல ஆயிடுச்சு," என்றார் மெக்கானிக்.

வீட்டுக்குப் போனபோது மூக்கு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"நீங்க துப்பாக்கி சுடப் போறீங்களா, குத்துச்சண்டைக்குப் போறீங்களா?" என்று மனைவி பஞ்சை எடுத்து வந்தாள்.

"எல்லாம் அந்தச் சனியனாலதான். ஞாயித்துக்கிழமை மட்டும் சொதப்பட்டும், அங்கேயே வித்துட்டு வந்துடறேன்."

வாக்கிங் போய்விட்டு வந்து தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் சட்டென்று நிறுத்தினார்.

"ஐயோ, வித்துடாதீங்க மாப்ள! வாயில்லாத ஜீவன், அது என்ன பண்ணும்?"

டாக்டர் நெகிழ்ந்துபோனார். இந்த வீட்டில் அவர் ஆசையைப் புரிந்துகொள்ள இவராவது இருக்கிறாரே! துப்பாக்கி இருக்கிற கிளப் அலமாரிச் சாவியை வழக்கம்போல ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, மூக்கில் பிளாஸ்திரியோடு நின்று சுட்டார். ஒரு தட்டுகூட உடையவில்லை. கூட்டத்தில், "வேற டாக்டர்" கேட்ட நோயாளியும் உட்கார்ந்து நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் விறுவிறுவென்று பட்டறைக்குள் போய், துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"கிடைச்ச விலைக்கு வித்துடுய்யா. இதை வெச்சு எந்த மனுஷனாலயும் ஒரு தட்டைக்கூட உடைக்க முடியாது!"

மெக்கானிக் பதறிப்போய் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விளையாடாதீங்க சார், அடுத்த ரவுண்டு உங்க மாமியார்து, போன மாசம்தான் அவங்க தோளுக்கு அளவெடுத்து இந்தப் பின்கட்டையைக் குட்டையா அறுத்துக் குடுத்தேன், இப்ப நீங்க அடைச்ச ஈயத்தையெல்லாம் அவங்க வர்றதுக்குள்ள எடுத்தாகணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"