டிரம்பெட்டுக்குள் குடியேறிய பேய்

விஜயதசமி முடிந்த மறுநாள் காலையில் செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. மனிதர்கள் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மடியில் டிரம்பெட்டுகள் உட்கார்ந்திருக்கும். அத்தனை டிரம்பெட்டுக்கும் பேய் பிடித்திருக்கும்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் வருஷம். மனிதன் நிலாவில் நடந்துவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் பேய் பித்தளைக்குள் நடந்துகொண்டிருந்தது.

பேயை ஓட்டுகிறவர் காத்துச்சாமியார். காற்றையே கட்டி ஆள்கிற சித்தராம். அவ்வளவு காற்று கையில் இருந்தால் சித்திரை வெயிலில் கொஞ்சம் அவிழ்த்து விட்டிருக்கலாம். ஊரே வெந்து கிடந்தது. ஆனால் சாமியாரிடம் போய் இதையெல்லாம் கேட்பது மரியாதையா?

பேய்க்கு ஏன் டிரம்பெட் மேல் ஆசை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் அப்போது தெருவுக்கு ஒரு பேண்டு செட் இருந்தது. காசுக்கு வாசித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆசைக்கு வாசித்தவர்கள் நிறையப் பேர். வாரம் முழுக்கத் தறியில் பட்டு நெய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் கூடி, ஊர் காது பிழைத்துப் போகட்டும் என்று அங்கேயே ஊதுவார்கள். அவர்கள் வைத்திருந்த ஒரே சட்டம், டிரம்பெட்டைக் கண்டபடி திறக்கக்கூடாது என்பது. வருஷத்தில் ஒரு தரம், சரஸ்வதி பூஜைக்கு மட்டும், பகுதி பகுதியாகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பரப்புவார்கள். விஜயதசமியன்று எடுத்து மாட்டுவார்கள். மறுநாள் ஊதினால் சத்தம் வராது.

மீதி வருஷமெல்லாம் இந்தப் பேய் எந்தத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிட்டிபாபுவுக்கும் அதுதான் நடந்தது. பட்டு நெய்கிறவன், முப்பது வயது. அந்த வருஷம்தான் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் கண்டெடுத்த சீமை டிரம்பெட் ஒன்று அவனிடம் இருந்தது. வெள்ளிப் பூச்சு கொஞ்சமும் போகாதது. அவன் கூட்டாளி அந்தோணியும் டிரம்பெட்காரன். அந்தோணி வேதக்காரன், சர்ச்சில் வாசிக்கிறவன். இருந்தாலும் கூட்டாளியின் டிரம்பெட் தாம்பாளத்தில் தனியாக உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று, தன்னுடைய நசுங்கல் டிரம்பெட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டான். இரண்டையும் தேய்த்துப் பொட்டு வைத்துத் திரும்ப மாட்டியவள் சிட்டிபாபுவின் மனைவி அம்சா.

மறுநாள் விடிந்ததும் மணலில் நின்று சிட்டிபாபு ஊதினான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"கன்னத்த உப்பாதப்பா," என்றான் அந்தோணி. "ஒதட்ட இறுக்கிப் புடி. ஈ பறக்கற மாதிரி ஒதடு அதிரணும். எத்தினி தபா சொல்லிக்கினு இருக்கறேன்!"

"நீ ஊதிக் காட்டுபா, பார்ப்போம்."

அந்தோணி ஊதினான். அவனுடையதும் ஊமை.

"ரெண்டு பேருக்குமா ஒரே நாள்ல ஒதடு பூடும்?" என்றான் சிட்டிபாபு. "அதான்பா. அதேதான்."

அந்தோணி கழுத்திலிருந்த சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொண்டு சிட்டிபாபுவோடு அடுத்த பஸ்ஸில் ஏறினான்.

சாமியாரின் குடிசையில் ஒரு சிவப்புத் திரை. பக்தன் டிரம்பெட்டை நீட்டுவான். சாமியார் அதன் அகலமான வாயில் காதை வைத்து, கண்ணை மூடி, "உள்ளே ஓர் ஆவி விசும்புகிறது" என்பார். பிறகு அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். உள்ளே மணியடித்தால் காது கிழியும். சாம்பிராணிப் புகை சந்து வரைக்கும் வரும். கால்மணி நேரத்தில் வெளியே வருவார். பக்தன் ஊதுவான். "பாம்" என்று சத்தம் வரும். ஜனங்கள் அரோகரா போடுவார்கள். சாமியார் காசைக் கையால் தொடமாட்டார். அதற்கென்று ஒரு உண்டியல் வைத்திருந்தார்.

இன்னொரு அதிசயமும் உண்டு. அடிபட்டு நசுங்கிய டிரம்பெட்டென்றால் பேய் உடனே ஓடிவிடும். புதுசாகப் பளபளப்பாக இருந்தால் மட்டும் எவ்வளவு மணியடித்தாலும் போகாது. அந்த டிரம்பெட்டைப் பாலாற்றில் விட்டுவிட வேண்டும், அதுவும் சாமியார் கையாலேயே. பேய்க்குக் கூட தரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். போன வருஷம் துரைக்கண்ணு என்கிறவரின் நல்ல டிரம்பெட் அப்படித்தான் ஆற்றோடு போனது. பாலாற்றில் அந்த வருஷம் முழங்கால் நனையத் தண்ணீர் கிடையாது. துரைக்கண்ணு அதற்கப்புறம் பேண்டில் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே, அந்தோணியின் நசுங்கல் டிரம்பெட் கால்மணி நேரத்தில் பேசியது. சிட்டிபாபுவின் சீமை டிரம்பெட் பேசவில்லை.

"குழந்தாய்," என்றார் சாமியார், "இதைத் துலக்கியது எவர் கை?"

"எங்க வூட்ல, சாமி. அம்சா."

"அந்தக் கையில் தோஷம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளை அழைத்து வா. வேப்பிலையால் இருபத்தோரு அடி. அதன்பின் ஒரு மண்டலம் அவள் தாய்வீட்டில் இருக்கட்டும். அதற்குள் அவள் உன் வாசற்படி மிதித்தால் உன் மூச்சே நின்றுவிடும். அன்றைக்கே இந்த வாத்தியம் ஆற்றுக்கு, அதையும் கொண்டு வா."

சிட்டிபாபு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி இதைச் சொன்னான். கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த வீட்டுத் தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏறும்போதெல்லாம், ஆயிரக்கணக்கான பட்டிழைகளை ஒன்றோடொன்று முடிந்து இணைப்பவள் அம்சாதான். அந்தக் கைக்குத்தான் தோஷமாம்.

"சாமியாரு சொன்னாரு, நீ கேட்டுக்கினு வந்துட்ட," என்றாள். கோபத்தில் அழுகை வந்தது. "எட்டு வருசம் என் கையால சோறு துன்னியே, உன் மூச்சு நின்னுச்சாய்யா?"

சிட்டிபாபு சுவரைப் பார்த்தபடியே மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டான். பயம் அப்படி.

அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீமை டிரம்பெட்டை இடுக்கிக்கொண்டு நேரே அந்தோணி வீட்டுக்குப் போனாள்.

"தம்பி, பேய் ஓட்ன டிரம்பெட்ட கொஞ்சம் குடுப்பா."

விரலால் அமுக்குகிற வால்வுகள் மூன்று. அவற்றின் மூடியைத் திருகி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தன.

"நான் வெச்ச சந்தனப் பொட்டு எங்க தம்பி?"

"மந்திரத்துல பூட்சோ இன்னாவோ, அண்ணி."

"மந்திரம் பேய ஓட்டும், சரி. பொட்டையுமா தொடச்சுடும்? தொடக்கணும்னா தொறந்துருக்கணும். தொறந்து இன்னா பண்ணிக்கினு இருந்தாரு உங்க சாமி?"

பிறகு தன் வீட்டு டிரம்பெட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து, இரண்டையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தோணியின் மனைவி லில்லி பயந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இத்த இப்பவே நான் சரி பண்ணிடுவேன்," என்றாள் அம்சா, மூடிகளைப் பழையபடி திருகிக்கொண்டே. "ஆனா பண்ணமாட்டேன். வெள்ளிக்கெழம வரட்டும்."

வெள்ளிக்கிழமை குடிசை முன்னால் திருவிழாக் கூட்டம். பேய் ஓட்டுவதைப் பார்க்க வருகிறவர்களை விட, ஒரு பெண் அடிவாங்குவதைப் பார்க்க அதிகம் பேர் வருவார்கள் என்பது சாமியாருக்குத் தெரியும். வேப்பிலைக் கொத்து தயாராக இருந்தது. வரிசையில் மூன்று ஊமை டிரம்பெட்டுகளும் காத்திருந்தன.

அம்சா முன்னால் வந்தாள்.

"சாமி, அடி வாங்கிக்கிறேன். ஐயம்பேட்டைக்கு எங்க ஆத்தா வூட்டுக்கும் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுதல். இந்த மூணு டிரம்பெட்லயும் வால்வு மூடிய சுத்தி என் கையால பட்டு நூலு கட்டறேன். நீங்க மந்திரம் போடுங்க. பேய் போவட்டும், டிரம்பெட்டு பேசட்டும், நூலு மட்டும் அவுறக் கூடாது. பேய் பூடுச்சுன்னா நான் அம்பது அடி வாங்கிக்கிறேன்."

"தெய்வத்தையா சோதிக்கிறாய்?"

"நூலுதான கட்டறேன், சாமி. மந்திரத்துக்கு மூடி தொறக்கணும்னு உண்டா இன்னா?"

"கட்டட்டும் சாமி, இன்னா ஆயிடப்போவுது!" என்றது கூட்டம். கூட்டத்துக்கு ஐம்பது அடி என்றால் இன்னும் நல்லது. சாமியாரால் மறுக்க முடியவில்லை.

முதல் டிரம்பெட் உள்ளே போயிற்று. மணியடித்தது. வெளியே வந்தது. நூல் அப்படியே இருந்தது. ஊதினார்கள். ஊமை.

"முரட்டுப் பேய்," என்றார் சாமியார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாவதும் போய் வந்தது. நூல் இருந்தது. ஊமைதான்.

"முந்தாநேத்து வரைக்கும் கால்மணி நேரத்துல ஓடிக்கினு இருந்துச்சே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பேயெல்லாம் இன்னிக்கு ஸ்ட்ரைக்கா?"

சிரிப்பு வந்துவிட்டால் சாமியார் தொழில் நடக்காது. மூன்றாவது, முனிசாமி என்கிற கிழவனாருடைய டிரம்பெட், உள்ளே போய் அரைமணி நேரம் இருந்தது. இதற்கு முன் அப்படி ஒரு மணியோசை கேட்டதில்லை. சாமியார் வெளியே வந்தார். முனிசாமி ஊதினார். "பாம்!" நூலும் கட்டியபடியே இருந்தது. அரோகரா வானத்தைப் பிளந்தது. சாமியார் வேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்தார்.

அம்சா அசையவில்லை.

"அந்த முடிச்ச கொஞ்சம் தடவிப் பாருங்கப்பா."

கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? தறிக்காரர்கள். இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிகிறவர்கள். அவர்கள் போடுகிற முடிச்சு விரலில் நெருடாது. நெருடினால் தறி அச்சின் சீப்புப் பல்லில் மாட்டி இழை அறுந்துபோகும். முதலில் ஒருவர் தடவினார். பிறகு இன்னொருவர். பிறகு பத்துப் பேர்.

"இன்னாது இது, வேர்க்கடலையாட்டம் இருக்குது?"

"இது நம்ம முடிச்சு இல்லப்பா. அறுத்துட்டு எவனோ கட்டியிருக்கறான்."

ஊரை ஏமாற்ற வந்தவர், நூல் விஷயத்தில் நெசவாளிகளை ஏமாற்றப் பார்த்ததுதான் தப்பு.

அம்சா தன் வீட்டு டிரம்பெட்டை உயர்த்திப் பிடித்து மூடிகளைத் திருகினாள். மூன்று வால்வுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"பார்க்க மூணும் ஒரே மாதிரி இருக்குது. எதுல எத்த போட்டாலும் சரின்னு நெனச்சுட்டோம். சந்தனத்த தொடச்சுப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரு வெட்டியிருக்குது. மாத்திப் போட்டா உள்ள ஓட்டைங்க நேருக்கு நேரு வராது, காத்து போவாது. மாத்திப் போட்டது நானுதான். வருசா வருசம் நாம எல்லாரும் பூஜையன்னிக்கு இதேதான் பண்ணிக்கினு இருக்கறோம். இதான் உங்க பேய்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் பார்த்துப் போட்டு மூடினாள். புருஷனிடம் நீட்டினாள். சிட்டிபாபு வாங்கி ஊதினான். செவிலிமேட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. ஊதி முடித்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

துரைக்கண்ணு பாய்ந்து போய்ச் சிவப்புத் திரையைக் கிழித்தார். உள்ளே ஒரு ஸ்குரூ டிரைவர், எண்ணெய்ப் புட்டி, துடைக்கிற துணி. சுவரோரம் சாக்குக்கு அடியில், பாலாற்றோடு போன டிரம்பெட்டுகள் ஏழு. ஒன்றில் கூட ஈரமில்லை. துரைக்கண்ணு தன்னுடையதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"யாருடா நீ?" என்று அந்தோணி சாமியாரின் காவித் துண்டைப் பிடித்தான்.

செந்தமிழ் ஓடிப்போயிற்று. "அடிக்காதபா! எம் பேரு பரசுராமன். மெட்ராசுல பேண்டு சாமான் ரிப்பேரு கடையில வேலை பார்த்தேன்."

"தொழில் தெரியுதுல்ல? கடை வெச்சுப் பொழைக்கறது!"

"வெச்சேனே. ஒரு ரூவா கேட்டா எட்டணாவுக்குப் பேரம் பேசினீங்க. காவி கட்டினேன், கால்ல விழுந்து குடுத்தீங்க."

எட்டணாக்காரர்கள் நாலைந்து பேர் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

அம்சா புருஷனைப் பார்த்தாள். "நான் ஐயம்பேட்டைக்குத்தான் போறேன். ஒரு மண்டலம் இல்ல, ஒரு வாரம். சாமியாரு சொல்லி இல்ல, நானே போறேன். அதுவரைக்கும் நீயே பொங்கித் துன்னு. மூச்சு நிக்குதான்னு பார்த்துக்கோ."

"நானும் கூட வரேன், அம்சா," என்றான் சிட்டிபாபு.

"டிரம்பெட்ட எடுத்துக்கினு வராதே. எங்க ஆத்தா தூங்கணும்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல ஊர் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் தையல்நாயகி என்கிற அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு கையில் கற்பூரம், ஒரு கையில் அழுகிற குழந்தை. தடாலென்று அம்சாவின் காலில் விழுந்தாள்.

"தாயே! சாமியாரையே ஜெயிச்சவ நீ. என் புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். கையை வெச்சு ஒரு வார்த்தை சொல்லு, தாயே!"

பின்னாலேயே நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். கிழிந்த சிவப்புத் திரையை ஒருவர் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

அம்சா குனிந்து குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது. கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"வார்த்தைதான வேணும்? சொல்றேன். பெரியாஸ்பத்திரி பஸ்ஸு இன்னும் அஞ்சு நிமிசத்துல வரும். எழுந்து ஓடு!"